கொழுப்பு ஹார்மோனும் கல்லீரல் காயமும்: எந்த எலியை எடுக்கறது?

லேப்ல புதுசா சேர்ந்த தம்பி ஒருத்தன் போன வாரம் வந்து நின்னான். "அண்ணா, கொழுப்புத் திசுல இருந்து வர்ற ஹார்மோன் கல்லீரல் காயத்தை என்ன பண்ணுதுன்னு பாக்கணும், எந்த மாடல் எடுக்கலாம்?" நான் அப்ப வேற ஏதோ வேலையில இருந்தேன், "ஜீன் பழுதால குண்டாகற ஓபி சுண்டெலி இருக்கே, அதை எடு"ன்னு வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிட்டேன். ராத்திரி படுத்தப்புறம் தான் உறைச்சுது, பையன் அதை நம்பி ஆர்டர் போட்டுட்டான்னா அவனுக்கு ஒரு வருஷம் போச்சு. மறுநாள் கூப்பிட்டு உக்கார வச்சுப் பேசினதைத் தான் கொஞ்சம் விரிச்சு இங்க எழுதறேன், இதே யோசனையில வேற யாராவது இருந்தாலும் ஆகட்டும். மாடல்னா நோயை வர வச்சுப் பாக்கற விலங்கும் அந்த முறையும். சுண்டெலின்னு எழுதினா சின்னது, சும்மா எலின்னு எழுதினா பெரியது, குழப்பிக்காதீங்க.

நிறைய பேரு மாடல் எடுக்கறது எப்படின்னா, எதுல கல்லீரல் சீக்கிரம் கெடுது, எதுல ஸ்லைடுல தழும்பு சிவப்பு சிவப்பா நல்லா தெரியுது, அதை எடுக்கறாங்க. தழும்பைக் குறைக்கற மருந்து டெஸ்ட் பண்றவங்களுக்கு அது ஓரளவு சரி. நம்ம கேள்வி அது இல்லையே. ஹார்மோன் எங்க இருந்து வருதோ அந்தக் கொழுப்பு அந்த மாடல்ல வளருதா, கரையுதா, கிட்டத்தட்ட காணாமலே போயிடுதா, இதைப் பாக்காம கல்லீரலை மட்டும் பாத்து மாடல் எடுத்தா கடைசில நாம எழுதறது எலி இளைச்ச கதையா இருக்கும், ஹார்மோன் கதைன்னு நாமளே நம்பிக்கிட்டு இருப்போம். என்னோட கணக்கு இது ஒண்ணு தான், கீழ சொல்ற எல்லாத்தையும் இதை வச்சுத் தான் எடை போட்டிருக்கேன்.

யாரைப் பத்திப் பேசறோம்னு முதல்ல பாத்துடுவோம். லெப்டின் 1994-ல வந்துச்சு, ராக்பெல்லர் பல்கலைக்கழகத்துல ஜெஃப்ரி ஃப்ரீட்மேன் குழு அந்த ஜீனைப் பிடிச்சாங்க, மெலிஞ்சன்னு அர்த்தம் வர்ற கிரேக்கச் சொல்லுல இருந்து பேரு வச்சாங்க. ஆனா ஓபிங்கற அந்தக் குண்டுச் சுண்டெலி 1949-லயே ஜாக்சன் ஆய்வகத்துல தற்செயலாப் பிறந்துடுச்சு, நடுவுல 45 வருஷம் ஜீன் தெரியாமலே ஓடிச்சு. அடிபோனெக்டின் 1995, 96-ல வேற வேற லேப்ல தனித்தனியாக் கிடைச்சு, ஒவ்வொருத்தரும் ஒரு பேரு வச்சுட்டாங்க, பழைய பேப்பர் படிக்கும்போது ஒரே ஆளு நாலு பேருல வர்றதுக்குக் காரணம் அதான். ரெண்டும் கொழுப்பு செல்லுல இருந்து தான் வருது, ஆனா உடம்பு பெருக்கும்போது லெப்டின் ஏறும், அடிபோனெக்டின் இறங்கும். அளவுலயும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம், லெப்டின் ஒரு மில்லிக்கு நானோகிராம் கணக்கு, அடிபோனெக்டின் மைக்ரோகிராம் கணக்கு, கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு. மூணாவதா ரெசிஸ்டின்னு ஒண்ணு 2001-ல வந்துச்சு, பேரு நல்லா பிரபலம், ஆனா சுண்டெலில அது கொழுப்பு செல்லுல இருந்து வருது, மனுஷனுக்கு மேக்ரோஃபேஜ் மாதிரி வெள்ளை அணுக்கள்ல இருந்து வருது. அதனால ரெசிஸ்டினை வச்சு சுண்டெலில ஒரு முடிவு கண்டுபிடிச்சு மனுஷனுக்குப் பேசப் போனா முதல் கேள்விலயே மாட்டிக்குவீங்க. அதை இத்தோட விட்டுடறேன்.

கல்லீரல் பக்கம் லெப்டின் ரெண்டு வேஷம் போடுது. உடம்புல லெப்டினே இல்லன்னா பசி அடங்காது, சாப்பிட்டுச் சாப்பிட்டு கல்லீரல் முழுக்கக் கொழுப்பு அடைஞ்சிடும், அந்த இடத்துல லெப்டின் நல்லவன். உடம்புல கொழுப்புத் திசுவே இல்லாத லிபோடிஸ்ட்ரோஃபி நோயாளிகளுக்கு செயற்கை லெப்டின் கொடுத்தா கல்லீரல் கொழுப்பு குறையுது, மெட்ரெலெப்டின்ங்கற அந்த மருந்துக்கு அமெரிக்காவுல 2014-ல அனுமதியே கிடைச்சிருக்கு. ஆனா கல்லீரல்ல காயம் பட்டு தழும்பு போடற கட்டத்துல அதே லெப்டின், தழும்பு போடற ஸ்டெல்லேட் செல்லை உசுப்பி விட்டு, தழும்பைத் தூண்டற டிஜிஎஃப் பீட்டா புரதத்தை ஏத்தி விட்டு, கொலாஜன்ங்கற தழும்பு நாரைக் கொட்ட வைக்குது. அடிபோனெக்டின் இந்த ரெண்டு இடத்துலயும் பெரும்பாலும் நல்ல பக்கம், கொழுப்பையும் எரிக்க வைக்கும், ஸ்டெல்லேட் செல்லையும் அடக்கும், கல்லீரலோட மேக்ரோஃபேஜான குப்ஃபர் செல் அழற்சிக்குக் கத்தறதையும் குறைக்கும். ஆக நீங்க பாக்கப் போறது கொழுப்பு படியறதையா, அழற்சியையா, தழும்பையா, இது தெரியாம மாடல் பேச்சே எடுக்கக் கூடாது, ஏன்னா லெப்டினுக்குப் பதில் கட்டத்துக்குக் கட்டம் தலைகீழா மாறும்.

சரி, ஓபி சுண்டெலி. நேர்ல பாத்தவங்களுக்குத் தெரியும், கூண்டை இழுத்தா மத்த சுண்டெலி எல்லாம் மூலைக்கு ஓடும், இது உக்காந்த இடத்துலயே மாவு உருண்டை மாதிரி இருக்கும், வாலைப் பிடிச்சுத் தூக்கவே மனசு வராது, ரெண்டு கையாலயும் அள்ளித் தான் தராசுல வைக்கணும். சாதா சுண்டெலியை விட மூணு மடங்கு எடை வரைக்கும் போகும். கல்லீரலை எடுத்தா வெளிறின மஞ்சள், ஃபார்மலின்ல போட்டா முங்காம மிதக்கும். லெப்டின் ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாறி, புரதம் பாதியிலயே நின்னுடுது, அதனால ரத்தத்துல வேலை செய்யற லெப்டின் சுத்தமா இல்ல. இதோட அழகு என்னன்னா, வெளியில இருந்து லெப்டின் ஊசி போட்டா எல்லாம் திரும்பி வரும். காரணம்னு நிரூபிக்க இதை விட நேரான வழி கிடையாது, எடுத்துட்டா என்ன ஆகுது, திருப்பிக் கொடுத்தா என்ன ஆகுதுன்னு ரெண்டையும் ஒரே சுண்டெலில பாத்துடலாம்.

அப்புறம் ஏன் தம்பியை நிறுத்தினேன்? இந்தச் சுண்டெலில லெப்டின் மட்டும் இல்லாம இல்ல. கார்டிகோஸ்டீரான்ங்கற ஸ்ட்ரெஸ் ஹார்மோன் ஏறிக் கிடக்கும், டி செல் வளர்ற தைமஸ் சுரப்பி சுருங்கியிருக்கும், நோய் எதிர்ப்புக்கான டி செல் பலவீனம், உடம்புச் சூடு கம்மி, 4 டிகிரி குளிர்ல விட்டா சில மணி நேரத்துல செத்துடும், குட்டியும் போடாது. இத்தனை பழுதோட இருக்கற உடம்புல கல்லீரலுக்கு ஒண்ணு நடந்தா எதால நடந்துச்சுன்னு எப்படிச் சொல்லுவீங்க? இதுக்கு எனக்குத் தெரிஞ்ச நல்ல உதாரணம் இந்த ரெண்டு பேப்பர். 1997-ல குண்டு எலிகளுக்கும் ஓபி சுண்டெலிக்கும் பாக்டீரியா எண்டோடாக்சின் கொடுத்தாங்க, கல்லீரல் சாதா எலியை விட மோசமா அடி வாங்கிச்சு. 2000-ல அதே ஓபி சுண்டெலிக்கு கான்கனவாலின் ஏங்கற தாவரப் புரதம் கொடுத்தாங்க, சாதா சுண்டெலிக்கு கல்லீரல் போச்சு, ஓபி தப்பிச்சிடுச்சு. ஒண்ணுல லெப்டின் இல்லாதது கெடுதல், இன்னொண்ணுல லெப்டின் இல்லாதது காப்பாத்துது, ரெண்டுமே பொய் இல்ல. எண்டோடாக்சின் அடிக்கறது குப்ஃபர் செல் வழியா, கான்கனவாலின் அடிக்கறது டி செல் வழியா, டி செல்லே சரியில்லாத சுண்டெலி கான்கனவாலின்ல தப்பிக்கறதுல என்ன ஆச்சரியம். ஓபி எடுத்துட்டு "லெப்டின் கல்லீரலைக் காயப்படுத்தும்"னோ "காப்பாத்தும்"னோ ஒத்தை வரில எழுதறவங்க இந்த ரெண்டு பேப்பரையும் ஒரே நாள்ல பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிக்கணும்.

தழும்புக்குன்னு வந்தா ஓபி நல்லாவே சேவை செஞ்சிருக்கு, அதையும் சொல்லணும். கல்லீரல் அவ்வளவு கொழுப்பா இருந்தும் தானா தழும்பு பெருசா வராது, சிசிஎல்4ங்கற கார்பன் டெட்ராகுளோரைடு விஷம் கொடுத்தாக் கூட சாதா சுண்டெலி அளவுக்கு வராது. 2002-ல லெப்டினைத் திருப்பிக் கொடுத்தப்போ தழும்பும் திரும்பி வந்துச்சு. அந்த வேலைல எனக்குப் பிடிச்சது அந்த கண்ட்ரோல், லெப்டின் போட்ட சுண்டெலி கம்மியா சாப்பிடும் இல்லையா, அதே அளவு சாப்பாட்டை மட்டும் லெப்டின் போடாத இன்னொரு கூட்டத்துக்கு அளந்து வச்சாங்க, அதுல தழும்பு வரல. அப்ப தான் தைரியமா சொல்ல முடிஞ்சுது, சாப்பாடு குறைஞ்சது காரணம் இல்ல, லெப்டின் தான் காரணம்னு. இந்தக் கூட்டம் இல்லாம லெப்டின் ஊசி ஆய்வு யாராவது காட்டினா நான் பாதி தான் நம்புவேன்.

டிபி சுண்டெலி, ஜக்கர் எலி ரெண்டும் ஒரே ஜாதி, லெப்டின் இருக்கும், அதைப் பிடிச்சு செல்லுக்குச் சேதி சொல்ற ரிசெப்டர் பழுது. டிபில நீளமான ரிசெப்டர் மட்டும் தான் போயிருக்கு, குட்டையானதெல்லாம் அப்படியே இருக்கு, லெப்டின் ரத்தத்துல எகிறிக் கிடக்கும், ஊசி போட்டாலும் ஒரு பிரயோஜனமும் இல்ல. டக்ளஸ் கோல்மேன் டிபியையும் ஓபியையும் ஒட்டுத் தையல் போட்டு ரத்தத்தைக் கலக்க விட்டப்போ ஓபி சாப்பாட்டை நிறுத்தி இளைச்சுப் போச்சு, டிபி அசரல, ஹார்மோன்னு ஒண்ணு இருக்குன்னு அப்ப தான் புரிஞ்சுது, ஜீன் கைக்கு வர்றதுக்கு இருபது வருஷம் முன்னாடி. நம்ம வேலைக்கு டிபி எடுக்கறதா இருந்தா பின்புல இனம் எதுன்னு கண்டிப்பாப் பாருங்க, பிகேஎஸ் பின்புலத்துல சர்க்கரை நோய் கடுமையா அடிக்கும், பிளாக் 6 பின்புலத்துல மிதமா இருக்கும், சர்க்கரை ஒரு பக்கம் கல்லீரலைப் பிடிச்சு இழுத்தா ஹார்மோன் கணக்கு கலங்கிடும். ஜக்கர் எலி 1961-ல இருந்து இருக்கு, உடம்பு பெருசுங்கறதால ரத்தம் தாராளமாக் கிடைக்கும், அது ஒண்ணு தான் எனக்கு அதுல கவர்ச்சி. ஓபியோட சேத்து இதுல எதையாவது ஓட்டினா லெப்டின் இல்லாததும் லெப்டின் கேக்காததும் ஒரே பலன் தருதான்னு பாக்கலாம், தனியா இதை மட்டும் எடுக்கறதுக்கு எனக்குக் காரணம் தெரியல.

அடிபோனெக்டின் ஜீனை எடுத்துட்ட நாக்கவுட் சுண்டெலி தான் என் மனசுக்குப் பிடிச்ச ஆப்ஷன். காரணம் எளிமை. ஜீன் இல்லன்னாலும் சாதா சாப்பாட்டுல சுண்டெலி பாக்க சாதா மாதிரியே இருக்கும், ஓபி மாதிரி ஊரெல்லாம் பழுது கிடையாது, குட்டி போடும், அண்ணன் தம்பி ஒரே ஈத்துல இருந்து ஒப்பிடலாம். மேல ஒரு அடி கொடுத்தா தான் வித்தியாசம் தெரியும். 2003-ல சிசிஎல்4 கொடுத்தப்போ அடிபோனெக்டின் இல்லாத சுண்டெலிக்கு தழும்பு அதிகமா வந்துச்சு, வைரஸ் வழியா அடிபோனெக்டினை ஏத்தி விட்ட சுண்டெலிக்கு குறைஞ்சுது. அதே வருஷம் இன்னொரு குழு மது கொடுத்த சுண்டெலிக்கும் ஓபிக்கும் அடிபோனெக்டின் ஊசி போட்டு கல்லீரல் வீக்கமும் கொழுப்பும், கல்லீரல் செல் உடைஞ்சா ரத்தத்துல ஏறற ஏஎல்டி என்சைமும் குறையறதைக் காட்டினாங்க. வேற வேற காயம், ஒரே பக்கம் பதில், லெப்டினுக்குக் கிடைக்காத கொடுப்பினை இது.

ஆனா ஊசி வழியா அடிபோனெக்டின் கொடுக்கறது லெப்டின் கொடுக்கற மாதிரி சுலபம்னு நினைச்சுடாதீங்க. அது மூணு மூணா, ஆறு ஆறா, அதுக்கு மேலயும் பின்னிக்கிட்டு பெரிய கட்டாத் தான் ரத்தத்துல சுத்துது, பாக்டீரியால தயாரிச்சா அந்தப் பெரிய கட்டு சரியா வராது, பாலூட்டி செல்லுல தயாரிச்சது தான் வேணும், விலை அதிகம், அளவும் லெப்டின் மாதிரி இல்ல, நிறைய வேணும். இதுல இன்னொரு கண்ணி இருக்கு. பாக்டீரியால செஞ்ச எந்தப் புரதத்துலயும் எண்டோடாக்சின் ஒட்டிக்கிட்டு வரலாம், கல்லீரல் காய ஆய்வுல எண்டோடாக்சின் கலந்த ஊசி போடறதுன்னா நெருப்பை அணைக்கப் போறவன் கையில மண்ணெண்ணெய் இருக்கற மாதிரி. பாட்டில் வந்ததும் எண்டோடாக்சின் அளவைப் பாக்காம ஒரு சுண்டெலியைக் கூடத் தொடாதீங்க. இந்தத் தொல்லைக்குப் பயந்தவங்க 2013-ல வந்த அடிபோரான் மாதிரி வாய்வழி ரிசெப்டர் மருந்துப் பக்கம் போவாங்க, அது வேலை செய்யுது, ஆனா அப்ப உங்க கேள்வி ரிசெப்டரைப் பத்தினதா மாறிடுது, ஹார்மோனைப் பத்தினது இல்ல.

டயட் மாடலுக்கு வர்றேன், தலையே சுத்தற இடம் இது. ஹை ஃபேட் டயட்னு கலோரில 60 சதவீதம் கொழுப்பு வச்சு 12, 16 வாரம் கொடுத்தா சுண்டெலி குண்டாகும், லெப்டின் ஏறும், அடிபோனெக்டின் இறங்கும், இன்சுலின் சொல்றதை உடம்பு கேக்காது, கல்லீரல்ல கொழுப்பு படியும். ஹார்மோன் பக்கம் மனுஷன் மாதிரியே இருக்கு, இதை விட நல்ல ஒத்துப்போற மாடல் கிடையாது. ஆனா காயம்? கொழுப்போட நின்னுடும், தழும்பு வரவே வராதுன்னு சொல்ற அளவுக்குக் கம்மி. தழும்பு வேணும்னா ஃப்ரக்டோஸும் 2 சதவீதம் கொலஸ்ட்ராலும் சேத்த வெஸ்டர்ன் டயட் வகையில அரை வருஷம், அதுக்கு மேலயும் ஊட்டணும். பொறுமை இருந்தா போங்க, நான் தடுக்க மாட்டேன்.

எம்சிடி டயட் இதுக்கு நேர் எதிர். மெத்தியோனின், கோலின் ரெண்டையும் எடுத்துட்ட தீனி, சில வாரத்துலயே கொழுப்பு, அழற்சி, எட்டு பத்து வாரத்துல தழும்பு, ஸ்லைடு பாத்தா மனுஷனோட ஸ்டீட்டோஹெபடைட்டிஸ் (கொழுப்பும் அழற்சியும் சேந்த கல்லீரல் நோய்)னு நோயியல் டாக்டரே ஏமாறுவாரு. பிடிச்ச மாதிரி தெரியுது இல்ல? இந்தத் தீனில சுண்டெலி கருவாடா காஞ்சு போகும், உடம்பு எடைல கால் பங்கு, அதுக்கு மேலயும் போயிடும், வயித்தைத் திறந்தா வழக்கமா வெள்ளையா கொழுகொழுன்னு இருக்கற இடத்துல ரெண்டு நூல் தான் கிடக்கும். கொழுப்பு போனா லெப்டின் போகும். இன்சுலின் சொல்றதையும் உடம்பு நல்லாக் கேக்கும். அதாவது கல்லீரல் குண்டு ஆளோடது, உடம்பும் ஹார்மோனும் பட்டினி கிடக்கற ஆளோடது. இந்த மாடல்ல லெப்டின் அளந்து "ஸ்டீட்டோஹெபடைட்டிஸ்ல லெப்டின் குறையுது"ன்னு எழுதினா அது சுண்டெலி இளைச்சுது, அவ்வளவு தான். கொழுப்பு ஹார்மோன் கேள்விக்கு எம்சிடி வேண்டவே வேண்டாம்னு நான் அடிச்சுச் சொல்லுவேன். கோலினை எடுத்துட்டு, மெத்தியோனினைக் கொஞ்சம் மட்டும் விட்டு, கொழுப்பை 60 சதவீதமாக்கின சிடிஏஏ ரக டயட் இருக்கே, அதுல எடை அவ்வளவு விழாது, தழும்பும் சீக்கிரம் வரும், எம்சிடியை விட எவ்வளவோ மேல், இருந்தாலும் சுண்டெலி குண்டாகறது இல்லங்கறதால ஹார்மோன் பக்கம் பாதி மார்க் தான்.

சிசிஎல்4 பத்தி ஏற்கெனவே வந்துடுச்சு. வாரத்துக்கு ரெண்டு ஊசி, எண்ணெய்ல கலந்து, நாலுல இருந்து எட்டு வாரம், தழும்பு நிச்சயம். ஆனா அது தானா விஷம் இல்ல, கல்லீரல்ல இருக்கற சிப்2ஈ1 என்சைம் அதை உடைச்சு ரேடிகலா ஆக்கினா தான் செல் சாகும், அந்த என்சைம் அதிகமா இருக்கற மைய ரத்தக்குழாயைச் சுத்தி முதல்ல சாகறதும் அதனால தான். இப்ப யோசிங்க, லெப்டினோ குண்டோ அந்த என்சைம் அளவையே மாத்திடுச்சுன்னா, தழும்பு கூடினது ஸ்டெல்லேட் செல்லாலயா, விஷமே அதிகமா உருவானதாலயா? அதனால முதல் ஊசி போட்டு 24 மணி நேரத்துல ஒரு சின்னக் கூட்டத்தைத் தனியா எடுத்து ஏஎல்டியும் செத்த பரப்பும் ரெண்டு வகைலயும் ஒண்ணா இருக்கான்னு பாத்துடுங்க, சிப்2ஈ1 புரத அளவையும் ஒரு வெஸ்டர்ன் பிளாட் ஓட்டிப் பாத்துடுங்க. ஆரம்ப அடி சமமா இருந்து கடைசித் தழும்பு மட்டும் வித்தியாசமா இருந்தா, அதுக்கு எடை இருக்கு.

மது மாடல், பித்தக்குழாய் கட்டற மாடல் ரெண்டையும் வேகமாத் தாண்டிடறேன். மதுவுல பத்து நாள் திரவ உணவு, கடைசில ஒரே மொத்தமா கிலோவுக்கு 5 கிராம் கொடுக்கற முறை இப்ப எல்லாரும் பண்றது, குறைஞ்ச நாள்ல முடியும், அடிபோனெக்டின் கேள்விக்கு நல்லாப் பொருந்தும், தழும்பு கேள்விக்குப் பொருந்தாது. பித்தக்குழாய் கட்டினா சுண்டெலி வேகமா இளைக்கும், தழும்பு முத்தின கல்லீரல்ல அடிபோனெக்டின் ரத்தத்துல ஏறிக் காட்டும், மனுஷனுக்கு சிரோசிஸ்லயும் இதே கதை, அந்த ஏத்தத்தைப் பாத்து அடிபோனெக்டின் தான் கெடுக்குதுன்னு முடிவு கட்டினா சிரிப்பாங்க.

பாராசிட்டமால் மாடல்ல நான் வாங்கின அடியைச் சொல்லியே ஆகணும். சுண்டெலிக்கு கிலோவுக்கு 300 மில்லிகிராம், ஒரே நாள்ல கல்லீரல் செத்துடும், எலிக்கு அவ்வளவா ஏறாது, சுண்டெலி தான். எல்லாரும் முந்தின ராத்திரி பட்டினி போடுவாங்க, பாராசிட்டமால் விஷத்தை முறிக்கற குளூட்டாதயோன் குறைஞ்சா தான் அடி எல்லாத்துக்கும் சீராப் படும். நானும் போட்டேன். லெப்டினை நிறத்தை வச்சு அளக்கற எலைசா தட்டுல கலர் வரவே இல்ல, கண்ட்ரோல் கிணறு, டெஸ்ட் கிணறு எல்லாமே ஒரே வெளிறல், ஸ்டாண்டர்ட் மட்டும் அழகா படிக்கட்டு மாதிரி மஞ்சள் ஏறி நிக்குது. கிட் கெட்டுப்போச்சுன்னு இன்னொரு கிட் பிரிச்சேன், அதுவும் அப்படியே. ரெண்டு நாள் கழிச்சு தான் மண்டைல ஏறிச்சு, பட்டினி போட்டா சுண்டெலிக்கு லெப்டின் சரசரன்னு விழும், 1996-லயே எழுதி வச்சிருக்காங்க, உடம்புக்குப் பட்டினின்னு சொல்ற சிக்னலே அந்த விழற லெப்டின் தான். நான் ஹார்மோனை அளக்கறதுக்கு முன்னாடி நானே ஹார்மோனைத் துடைச்சுட்டு உக்காந்திருந்தேன். மனுஷனுக்கு ஒரு ராத்திரி பட்டினி சாதாரணம், 25 கிராம் சுண்டெலிக்கு அது உடம்பு எடைல பெரிய ஓட்டை போடற விஷயம். ஆக, அவசரக் காய மாடல்ல லெப்டின் பாக்கணும்னா பட்டினியைச் சுருக்குங்க, இல்ல எல்லாருக்கும் ஒரே நேரத்துல சாப்பாட்டை எடுத்து அதே மணிக்கு ரத்தம் எடுங்க, லெப்டின் ராத்திரில ஏறி பகல்ல இறங்கற ஆளுங்கறதால காலைல பாதி சாயங்காலம் பாதின்னு எடுத்தாலும் கணக்கு போச்சு.

ஜீனை ஒரு திசுல மட்டும் எடுக்கறதுன்னு போனா, ஜீனை வெட்டற க்ரீ என்சைம் எந்தத் திசுல வர்ற சுண்டெலிங்கறது தான் முடிவு. பழைய ஏபி2 க்ரீ கொழுப்புக்குன்னு பேரு வாங்கினது, ஆனா மேக்ரோஃபேஜ் மாதிரி வேற இடத்துலயும் கை வைக்கும், கல்லீரல் அழற்சி பாக்கற நமக்கு அது விஷப்பரீட்சை. அடிபோனெக்டின் க்ரீ கொழுப்பு செல்லோட நிக்கும், அதை எடுங்க. ஸ்டெல்லேட் செல்லுல லெப்டின் ரிசெப்டரை மட்டும் எடுக்கணும்னா எல்ராட் க்ரீ. டாமாக்சிஃபென் கொடுத்து ஆன் பண்ற வகைன்னா கொஞ்சம் பொறுங்க, டாமாக்சிஃபெனே கல்லீரல்ல கொழுப்பைப் படிய வைக்கும், மருந்து நிறுத்தி போதுமான வாரம் விட்டு, க்ரீ இல்லாத சுண்டெலிக்கும் அதே மருந்தைக் கொடுத்து ஒப்பிடாட்டி வீண்.

கூண்டு விஷயம் சில்லறைன்னு நினைக்காதீங்க. நமக்கு வசதியான 22 டிகிரி சுண்டெலிக்குக் குளிர், உடம்பைச் சூடாக்கவே கொழுப்பை எரிச்சுக்கிட்டு இருக்கும். 2017-ல 30 டிகிரில வச்சு ஹை ஃபேட் கொடுத்தப்போ கல்லீரல் நோய் முத்திச்சு, வழக்கமா தப்பிச்சுக்கற பெண் சுண்டெலிக்கும் வந்துச்சு. இதையும் சாப்பாடு அளந்து வைக்கற கண்ட்ரோலையும் சேத்துப் பாருங்க, சாப்பாட்டை அளக்கணும்னா தனித்தனிக் கூண்டுல வைக்கணும், தனியா இருந்தா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் படுத்துச் சூடு தேடிக்க முடியாது, குளிர் இன்னும் அதிகமா உறைக்கும், அதனால தனிக்கூண்டுல வைக்கறதா இருந்தா எல்லாக் கூட்டத்தையும் தனிக்கூண்டுல வைங்க, கூடு கட்டப் பஞ்சும் போடுங்க. அப்புறம் பிளாக் 6னு எழுதினா போதாது, ஜே வகையா என் வகையான்னு எழுதணும், ஜே வகைல என்என்டிங்கற மைட்டோகாண்ட்ரியா ஜீன் உடைஞ்சிருக்கு, நாக்கவுட் ஒரு வகை கண்ட்ரோல் இன்னொரு வகைன்னு ஆகிடுச்சுன்னா உங்க வித்தியாசம் முழுக்க அதுவாக் கூட இருக்கலாம்.

அப்ப எதை எடுக்கறது? தம்பி கேள்வியைத் தோண்டிக் கேட்டப்போ அவனுக்கு உண்மையில வேண்டியது தழும்பு, குண்டு உடம்புல தழும்பு ஏன் வேகமா வருதுங்கறது. அதுக்கு நான் சொன்னது ஹை ஃபேட் டயட்ல குண்டாக்கி, மேல குறைஞ்ச டோஸ் சிசிஎல்4, அதுல அடிபோனெக்டின் நாக்கவுட்டும் கூடப்பிறந்த சாதாவும். கொழுப்பு வளர்ந்து தான் இருக்கும், ஹார்மோன் மனுஷன் மாதிரி திசைல இருக்கும், தழும்புக்கு அரை வருஷம் காத்திருக்க வேண்டாம். அவன் கேள்வி தழும்பு இல்லாம வெறும் கொழுப்பு படியறது மட்டும்னா ஹை ஃபேட்டோட நிறுத்திக்கன்னு சொல்லியிருப்பேன், லெப்டின் தான் நேரடிக் காரணம்னு நிரூபிக்கணும்னா தான் ஓபி, அதுவும் ஊசியும் சாப்பாடு அளந்த கூட்டமும் சேத்து, இல்லாட்டி வேண்டாம். டி செல் வழிக் காயம்னா ஓபி பக்கமே போகாதே, சாதா சுண்டெலில லெப்டினைத் தடுக்கற வழியைப் பாரு. இந்த சிசிஎல்4 சேக்கற வழிலயும் ஒரு குறை இருக்கு, ஒளிக்க மாட்டேன், விஷ ஊசி போடப் போட சுண்டெலி கொஞ்சம் இளைக்கும், அதனால தான் டோஸ் குறைச்சு, வாரா வாரம் எடை போட்டு, விழறது தெரிஞ்சா அங்கயே நிறுத்தணும்னு எழுதி வாங்கினேன்.

ரத்தம் தான் கடைசித் தலைவலி. 25 கிராம் சுண்டெலி உடம்புல மொத்தமே 2 மில்லிக்குள்ள தான் ரத்தம், கடைசில இதயத்துல குத்தி எடுத்தா ஒரு மில்லி கிடைச்சா புண்ணியம், சீரம் அதுல பாதி. ஏஎல்டி, அதே மாதிரி இன்னொரு என்சைம் ஏஎஸ்டி, லெப்டின், அடிபோனெக்டின், இன்சுலின்னு எல்லாமே அதுல தான் பிழியணும். அடிபோனெக்டினை ஆயிரக்கணக்கான மடங்கு நீர்த்துத் தான் தட்டுல போடணும்ங்கறதால அதுக்கு ஒரு சொட்டு போதும், லெப்டினுக்குத் தான் நிறைய போகும், அதனால லெப்டினுக்கு முதல்ல ஒதுக்குங்க. ஊசியை வேகமா இழுத்து சிவப்பணு உடைஞ்சுதுன்னா ஏஎஸ்டி பொய்யா ஏறும், சீரம் ரோஸ் கலர்ல இருந்தா அந்த டியூப்ல குறிச்சு வைங்க.

தம்பி நேத்து அறுக்கற நாளுக்கு லிஸ்ட் போட்டுக் கொண்டு வந்து காட்டினான். கல்லீரலுக்கு மட்டும் எட்டு டியூப் எழுதியிருந்தான், ஃபார்மலின் தனி, நைட்ரஜன் தனி, ஆர்என்ஏ தனின்னு அழகா. கொழுப்புத் திசுவுக்கு ஒரு டியூப் கூட இல்ல, எடை போடறதுக்கு ஒரு கட்டம் கூட இல்ல. பேனாவை வாங்கி விரைப்பக்கக் கொழுப்பு, தோலடிக் கொழுப்பு, ரெண்டுக்கும் எடை, ரெண்டுக்கும் ரெண்டு ரெண்டு டியூப்னு கல்லீரலுக்கு மேல முதல் வரில எழுதிக் குடுத்தேன்.